நடேசன் பெயரில் ஒரு சீட்

“ஒரே ஒரு வார்த்தை மாதவ். சீட்டை நீதான் புடிச்சு வச்சிருந்தேன்னு சார்கிட்ட சொல்லிடு.”

“நான் எங்க புடிச்சேன்? எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா.”

“கீ மேல ஸ்டேப்ளரை வச்சுட்டு டீ குடிக்கப் போனியே, நான் பார்த்தேன்ல?”

“நக்கோ அண்ணா... என்னை இதுல இழுக்காதீங்க.”

நடேசனுக்கும் மாதவுக்கும் நடந்த இந்தச் சண்டையைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டவர் என் நண்பர் பத்மநாபன். மாதவ் அவருடைய அக்கா மகன். சாப்பாடு கொடுக்கப் போயிருந்தார். 2007, ஜீடிமெட்லா தொழிற்பேட்டை.

போன சனிக்கிழமை இரவு மௌலா அலியில் கரண்ட் இல்லை. எங்கள் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

மருந்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாய் வரைபடம் போடும் கம்பெனி அது. பாதி வரைபடத்தைத் தானே போட்டுத் தரும் ஒரு ப்ளக்-இன் வாங்கியிருந்தார்கள். ஆள் ஆறு பேர், லைசென்ஸ் மூன்று. நாலாவது ஆள் திறந்தால் ‘லைசென்ஸ் இல்லை’ என்று வரும். இதைத்தான் சீட் என்பார்கள். இருபது நிமிஷம் கை படாவிட்டால் சீட் போய்விடும். அதற்குத்தான் அந்த ஸ்டேப்ளர்... கீபோர்டில் ஒரு கீ அமுங்கியே இருக்கும், சீட் போகாது.

நடேசனுக்கு ஐம்பது வயது. மூன்று நாளாக அவருக்கு சீட் சரியாகக் கிடைக்கவில்லை. வேலை முடியவில்லை. லைசென்ஸ் மேல் பழி போடுகிறார் என்று மேனேஜர் வேலையை விட்டு அனுப்பிவிட்டார். மாதவ் வாய் திறக்கவில்லை. அவன் சேர்ந்து எட்டு மாதம்தான், வேலை போய்விடுமோ என்று பயம். அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் போன நடேசனை லாரி அடித்து... அவ்வளவுதான்.

காரியம் முடிந்த வாரத்தில் எரர் மறுபடி ஆரம்பித்தது. இரண்டு பேர்தான் வேலை செய்வார்கள். மூன்றாவது ஆளுக்கு ‘லைசென்ஸ் இல்லை’. சில நாள் வரும், சில நாள் வராது. லைசென்ஸ் கொடுக்கும் சர்வரை அணைத்துப் போட்டார்கள். கேபிள் மாற்றினார்கள். விற்ற கம்பெனி ஆள் வந்து உட்கார்ந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும்.

ஒரு ஞாயிறு, மத்தியானம் இரண்டு மணி. யாரும் இல்லாதபோது பார்த்துவிடலாம் என்று மாதவ் தனியாகப் போனான். ரோடே காலி... கெமிக்கல் வாடை மட்டும், அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி. சர்வரில் லாகைத் திறந்தான், யார் எப்போது சீட் எடுத்தார்கள் என்ற பதிவு அது. ஒரு சீட் எடுக்கப்பட்டிருந்தது. பெயர், நடேசன். எடுத்தது அவருடைய பழைய கம்ப்யூட்டர். அது வயர் பிடுங்கி ஸ்டோர் ரூமில் கிடந்தது.

ஸ்டோர் ரூம் பக்கம் போனான். உள்ளே டக்... டக்டக்... மவுஸ் சத்தம். கதவைத் திறந்தான். நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் மேல் கனத்த தூசி. கை வைத்தான். சூடாக இருந்தது.

அந்த லாகில் மாதவ் சீட்டைப் பிடித்து வைத்திருந்த பழைய நாட்களும் இருந்தன. நடேசன் பொய் சொல்லவில்லை என்று காட்ட அதுவே போதும். மாதவ் காட்டவில்லை. லாகை அழித்தான். நடேசன் பெயரையும் அழித்தான்.

மறுநாள் மூன்று சீட்டும் எடுக்கப்பட்டிருந்தன. மூன்றிலும் பெயர், மாதவ். அவன் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறான்.

“ஏமய்யா, மூணையும் நீயே வச்சுக்குவியா?” என்றார் மேனேஜர்.

“நான் இன்னும் கம்ப்யூட்டரையே போடல சார்!”

“அந்த ஆளும் இப்படித்தான் கதை சொன்னாரு.”

ஒரு மாதம் இதே கதை. அவனையும் அனுப்பிவிட்டார்கள்.

“அப்பவாவது உண்மையைச் சொன்னானா?” என்று எங்களில் துரைராஜ் கேட்டார்.

“கதவுக்கு வெளியில நானும்தான் நின்னேன். நான் சொன்னேனாய்யா? அக்கா புள்ளையாச்சே...” என்றார் பத்மநாபன்.

பிறகு ஹப்சிகுடாவில் வேறு கம்பெனி, அங்கும் அதே ப்ளக்-இன். முதல் நாள். மாதவுக்கு இன்னும் கம்ப்யூட்டர்கூட ஒதுக்கவில்லை. பக்கத்து மேஜைப் பெண் திரும்பிக் கேட்டாளாம்.

“மாதவ் நீங்கதானா? கொஞ்சம் சீட்டை விடுங்களேன். ஒரு வாரமா நீங்களே வச்சிருக்கீங்க...”

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. லைசென்ஸ் சர்வர் பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இப்படி ஆக ஏதாவது வழி இருக்கிறதா என்று பதில் எழுதுங்கள். இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னால் போதும், பத்மநாபன் தூங்குவார்.