பொருந்தும் கட்டுரை எதுவும் இல்லை

— உங்க வலைத்தளத்துல எதைத் தொட்டாலும் எல்லாக் கட்டுரையும் வந்து கொட்டுதும்மா. 'சமையல்'னு ஒரு டிக், 'நடுப்பகுதி'ன்னு நம்ம வட்டாரத்துக்கு ஒரு டிக். ரெண்டே ரெண்டுதான் போட்டேன். ஆட்டுக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணணும்னு சொல்லிக் குடுக்குது. எனக்கு எதுக்கு ஆடு?

— அது நடுப்பகுதி ஆடு மாமா. அதான் வந்திருக்கு.

— படகுக்கு எப்படி வர்ணம் அடிக்கிறதுன்னு ஒண்ணு வருதே. நம்ம பக்கத்துல ஏதும்மா படகு?

— படகா?... அது வரக் கூடாதே. சரி, அது வேற ஏதோ... அதை விடுங்க. எங்க வலைத்தளத்துல இந்த ஃபில்டர் இப்ப எப்படின்னா, ஏதாவது ஒரு டிக்குக்குப் பொருந்தினாலே போதும், கட்டுரையைத் தூக்கிட்டு வந்துடும். அதைத்தான் இன்னிக்கு மாத்தணும். நாளைக்கு ஆபீஸ்ல காட்டணும்.

— மாத்தி?

— நீங்க சட்டைக் கடையில இருந்தீங்கல்ல. நீல நிறம், நாற்பது சைஸ், முழுக்கைன்னு ஒருத்தர் கேட்டா என்ன பண்ணுவீங்க? கடையில இருக்கிற நீலத்தையெல்லாம் அள்ளிப் போட்டு, நாற்பதையெல்லாம் அள்ளிப் போட்டு...

— முதலாளி என்னை அள்ளி வெளியே போட்டிருப்பார்.

— அதேதான். மூணும் சேர்ந்து பொருந்துற சட்டையை மட்டும்தானே எடுப்பீங்க? இனிமே இதுவும் அப்படித்தான். ஒரே கட்டுரை 'சமையல்'லயும் இருக்கும், 'முதியோர்'லயும் இருக்கும். ரெண்டையும் தொட்டா, ரெண்டுலயும் இருக்கிறது மட்டும் வரும்.

— இதுக்குப் போய் மாமனாரை ஏன் பிடிச்ச? உங்க ஆபீஸ்ல ஆளே இல்லையா?

— உங்களுக்குப் புரிஞ்சுட்டா ஊருக்கே புரிஞ்சுடும் மாமா.

— மக்குன்னு இவ்வளவு மரியாதையா யாரும் என்னைச் சொன்னதில்ல.

— உங்க பிள்ளை சொன்னதில்லையா?

— அவன் மரியாதையில்லாம சொல்வான்... இருந்த வரைக்கும்.

— ...ம். லேப்டாப்ல மாத்திட்டேன். பக்கத்தை மூடிட்டுத் திரும்பத் திறங்க.

— திறந்துட்டேன். 'பொருந்தும் கட்டுரை எதுவும் இல்லை.' அட, சுத்தமா துடைச்சு வச்சிடுச்சே.

— இருக்காதே. நடுப்பகுதி சமையல்னு எவ்வளவு கிடக்கு. நானே ஏத்தியிருக்கேன். டேப்லெட்டைக் குடுங்க, பார்க்கிறேன்.

— வேண்டாம், வேண்டாம். நானே பார்த்துச் சொல்றேன். நீ உட்காரு.

— குடுங்க மாமா.

— கண்ணாடியைத் தேடி எடுத்துட்டு...

— கண்ணாடி உங்க மூக்கு மேலதான் இருக்கு. டேப்லெட் என் கைக்கு வந்தாச்சு. சமையல்... நடுப்பகுதி... முதியோர்... தனியாக வாழ்பவர்.

— அது கை பட்டிருக்கும்.

— பட்டியல்ல கடைசியில கிடக்கு. அவ்வளவு தூரம் தள்ளிட்டுப் போயா கை பட்டுது?

— எனக்கில்லம்மா. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அவர் சம்சாரம் மக வீட்டுக்குப் போயிருக்காங்க, பாவம் சாப்பாட்டுக்கு...

— காலையில அந்த அம்மா மாடிப்படியில நின்னு என்கிட்ட பேசிட்டுத்தான் போனாங்க.

— வந்துட்டாங்களா? சொல்லவே இல்லையே மனுஷன்.

— பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ, வாளிக்குள்ள, கரிஞ்ச வாணலி ஒண்ணு ஒளிஞ்சிட்டிருக்கு. அதுவும் பக்கத்து வீட்டுக்காரரோடதா?

— ...முட்டை பொரிச்சேன். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பினேன், அதுக்குள்ள தன் புத்தியைக் காட்டிடுச்சு.

— நான் ஆபீஸ் போனதும் சமையல் பழகறீங்க. எதுக்கு?

— ஏன், ஆம்பளை அடுப்பைத் தொட்டா குத்தமா?

— மாமா. என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

— ...சரி. அன்னிக்கு பால்கனியில நீ போன் பேசினது காதுல விழுந்துது. ஒட்டுக் கேட்கல. மழை வர்ற மாதிரி இருந்துது, துணி எடுக்க வந்தேன். கடலோரக் கிளையை நீதான் போய் நடத்தணும்னு உங்க பெரிய அதிகாரி கேட்டிருப்பார் போல. நீ, 'முடியாது சார், வீட்ல பெரியவர் இருக்கார்'ன்னு சொன்ன. அதுக்கு மேல எனக்கு அங்க நிக்கப் பிடிக்கல. உள்ளே வந்துட்டேன்.

— துணியை எடுக்காமலே.

— எடுக்காமலேதான். எல்லாம் நனைஞ்சுது. வந்து திட்டினியே.

— அதுக்காக தனியா வாழப் பழகறீங்களாக்கும்.

— நீ கிளம்பணும்மா. இந்த வேலைக்கு நீ எப்படி உழைச்சேன்னு பக்கத்துல இருந்து பார்த்தவன் நான். ஒரு கிழவனுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கவா நீ படிச்ச? அவன் இருந்திருந்தா உன் பெட்டியை அவனே தூக்கிட்டு வந்து பஸ் ஏத்தி விட்டிருப்பான். போன் பண்ணி வர்றேன்னு சொல்லு. எனக்கு முட்டை பொரிக்க வந்துடுச்சு... கிட்டத்தட்ட.

— காய்ச்சல்னு படுத்தா தண்ணி குடுக்க யார் இருக்கா?

— பக்கத்து வீட்டுக்காரர்...

— இன்னொரு தடவை அவர் பேச்சை எடுத்தீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

— சரி, எடுக்கல... ஒண்ணு கேட்கிறேன். என் டிக் நாலுதானே? இந்த நாலுக்கும் பொருந்துற மாதிரி ஒரு கட்டுரைகூடவா இல்ல? நேத்து நான் படிச்சேனே, ஒத்தை ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்னு. நம்ம நடுப்பகுதிக்காரர் ஒருத்தர், வயசானவர், அவரே எழுதினது.

— இருக்கும். ஏதோ பிழை. நான் ஆபீஸ்ல போய்ப் பார்த்துக்கறேன். இப்ப மூடிடறேன்.

— இரு, இரு. அந்தப் படகு எப்படி வந்துது?

— மாமா, விடுங்களேன்...

— குடு இப்படி. 'வட்டாரம்'ங்கிறதுல, 'நடுப்பகுதி'க்குக் கீழ என்ன அம்புக்குறி? தொட்டா விரியுதே... 'கடலோரம்'. இதை நான் போடலையே. கீழ இன்னொண்ணு, 'வாடகை வீடு'. இதுவும் நான் இல்ல.

— ...நான் போட்டது. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே லாகின்தானே, போட்ட டிக் போட்டபடியே நிக்கும். எடுக்க மறந்துட்டேன். உங்களோடதும் என்னோடதும் ஒண்ணா குவிஞ்சு போச்சு. நடுப்பகுதியிலயும் இருக்கணும், கடலோரத்துலயும் இருக்கணும்னு கேட்டா எந்தக் கட்டுரைதான் வரும்?

— அப்ப 'முதியோர்'?

— அதுவும் நான் போட்டதுதான்.

— முன்னாடியே இருந்துது. என் வயசைப் பார்த்து அதுவே போட்டுக்கிச்சுன்னு நினைச்சேன்... கடலோரம், வாடகை வீடு, முதியோர். யாருக்கும்மா வீடு?

— நீங்க பாதியில உள்ளே போயிட்டீங்க மாமா. நான் அதுக்கப்புறமும் பேசினேன். 'என்னால தனியா வர முடியாது, கீழ்த்தளத்துல ஒரு வீடு பார்த்து அவரையும் கூட்டிட்டு வர்றதா இருந்தா வர்றேன்'னு சொன்னேன். தாராளமா கூட்டிட்டு வாங்கன்னார்.

— இதை ஏன் என்கிட்ட சொல்லல?

— நீங்க மாட்டேன்னுட்டா? உங்க பிள்ளை வளர்ந்த வீடு இது. கதவு நிலையில அவர் உயரத்தைக் கோடு கோடா போட்டு வச்சிருக்கீங்க, வெள்ளையடிக்க வந்தவரைக்கூடத் தொட விடல. இதை விட்டுட்டு என் பின்னால வாங்கன்னு எந்த வாயால கேட்பேன்?

— அதுக்காக...

— அவர் போனப்போ வந்தவங்க எல்லாரும் 'இனி இங்க உனக்கு என்ன இருக்கு, அம்மா வீட்டுக்குப் போ'ன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டீங்க. உங்களை விட்டுட்டு நான் எங்க போவேன் மாமா?

— அழாதேம்மா. டேப்லெட் நனைஞ்சா அதுக்கும் என்னைத்தான் திட்டுவ.

— வருவீங்களா?

— ...கீழ்த்தளமா?

— கீழ்த்தளம்தான். அடுப்படி நல்லா பெருசு. கருக்க வசதியா இருக்கும்.

— கதவு நிலை?

— ஆசாரியை வரச்சொல்லி அந்தக் கட்டையைப் பதமா கழட்டி எடுத்துக்கலாம். கேட்டு வச்சிருக்கேன்.

— எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் எனக்கு ஃபில்டர் சொல்லிக் குடுத்தியா?

— பேச்சை மாத்தாதீங்க. 'தனியாக வாழ்பவர்' டிக்கை எடுத்துடட்டுமா?

— எடுத்துடு... நானும் ஒண்ணு மறைச்சேம்மா. அன்னிக்கு நிக்கப் பிடிக்காம உள்ளே வரல. நீ போகலைன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துது. அந்தச் சந்தோஷத்துலதான் துணியை மறந்தேன். அப்புறம், அப்படிச் சந்தோஷப்பட்டதை நினைச்சு வெட்கமா போச்சு. அதுக்குத்தான் வாணலியைக் கருக்கிட்டிருந்தேன்.