மேட்டு வீட்டுச் சீனிப் போத்தல்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து புறப்பட்ட புசல்லாவை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவரின் மடியில் கிளினிக் மருந்துப் பை. பேராதனை தாண்டியதும் அவர் சொன்னார்:

“எங்க வீட்டுச் சீனிப் போத்தல் இப்ப செல்வி வீட்டுலதான் இருக்கு.”

இளையவள் ஜன்னலை விட்டுத் திரும்பினாள்.

“எதுக்குக்கா அங்க?”

“கைக்கு எட்டுற மாதிரி இருந்தா வாய் சும்மா இருக்காதுன்னு நான்தான் குடுத்து வச்சேன். அவ வீடு மேட்டுல. சீனி வேணும்னா அவ்வளவு படியும் ஏறணும்ல.”

“அப்ப சீனிய விட்டுட்டீங்களா?”

“எங்க விட்டேன். தேத்தண்ணி ஊத்துறப்பல்லாம் ஏறிப் போறேன். உள்ளங்கையில கொஞ்சம் கொட்டிக் குடுப்பா. நக்கிக்கிட்டே இறங்குவேன். வீடு வந்து சேர்றப்ப கை காலி. தேத்தண்ணிய சும்மாதான் குடிக்கிறேன்.”

இளையவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“ரத்தத்துல சீனி நல்லா குறைஞ்சிருக்காம். என்ன எக்ஸர்சைஸ் செய்றீங்கன்னு கேட்டாரு. நடக்கிறேன் சார்னேன். எதுக்கு நடக்கிறேன்னு சொல்லல.”

கம்பளை வந்துவிட்டது. நான் இறங்க வேண்டும், மெதுவாகவே எழுந்தேன்.

“ஆனா செல்வி அடுத்த மாசம் கொழும்புக்குப் போயிருவாளே அக்கா. போத்தல் திரும்ப உங்க வீட்டுக்குத்தானே வரும்?”

“அதெல்லாம் பார்த்து வச்சிட்டேன்,” என்றார் மூத்தவர். “அவ வீட்டுக்கு மேல இன்னொரு வீடு இருக்கு.”