எண்ணில்லாச் சிகிச்சை

நான் காலைச் சாப்பாட்டை ஒருநாளும் தவறவிட்டதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. என் சிகிச்சை பற்றிய கையேட்டில்தான் வேறு மாதிரி அச்சாகியிருக்கிறது. 'இளவயதில் உணவை வெறுத்து, மரணத்தின் வாசல்வரை போய் மீண்டவர்' என்று. பதினேழு வயதில் மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் வாய் கசந்தது உண்மை. மற்றதை அச்சகத்துக்குப் போகும் வழியில் சேர்த்தேன். சாப்பிட மறுப்பவர்களுக்கு மனச்சிகிச்சை தருகிறவனுக்கு ஒரு பூர்வகதை வேண்டும். இல்லாவிட்டால் யார் நம்பி வருவார்கள்?

என் முறைக்கு எண்ணில்லாச் சிகிச்சை என்று பெயர். எடை பார்க்கும்போது எண் கண்ணில் படாதபடி நோயாளி திரும்பி நிற்க வேண்டும். இது பல இடங்களில் உள்ள வழக்கம்தான். வீட்டாருக்கும் எண்ணைச் சொல்லாதது என் கண்டுபிடிப்பு. நான் மட்டும் பார்ப்பேன். பொது மருத்துவர் வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேட்டுக்கொள்வார். முப்பத்தைந்து கிலோவுக்குக் கீழே போனால் ஆளை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று எங்களுக்குள் ஏற்பாடு.

நூலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண், என்னிடம் வந்த முதல் நான்கு மாதத்தில் நன்றாகத் தேறினாள். அவளை வைத்தே மனநல மாநாடு ஒன்றுக்கான உரையை எழுதினேன். முந்நூறு நாற்காலி போட்ட அரங்கம். உரைக்கு ஐந்து வாரம் இருக்கையில் எடை இறங்கத் தொடங்கியது. முப்பத்தாறு. பிறகு முப்பத்துநான்கு. மருத்துவரிடம் முப்பத்தெட்டு என்றேன். எழுதி முடித்த உரையைத் திருத்துவது எத்தனை சிரமம் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

அவளைக் கூட்டிவரும் அண்ணன் பேருந்து ஓட்டுநர். ஒருநாள் கதவருகே தயங்கி நின்று, "சார், படி ஏறி வர்றதுக்குள்ள மூணு தடவ உக்காந்துட்டா. நாங்க எதுவும் தப்பா பண்ணலையே?" என்று கேட்டார்.

"அண்ணன் ஓட்டற பஸ்கூடத்தான் மேட்டுல மூச்சு வாங்குது. அத யாருகிட்ட காட்டறாராம்?" என்றாள் தங்கை.

மூவரும் சிரித்தோம்.

கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை, அவள் விதியை மீறித் திரும்பிப் பார்த்துவிட்டாள். மெதுவாக இறங்கி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், முப்பத்தொண்ணு காட்டுது. எனக்குப் பயமா இருக்கு. என்னை ஆஸ்பத்திரியில சேத்துடுங்க. நான் சாப்பிடறேன்."

அந்தக் கடைசி இரண்டு சொற்களை அவள் வாயிலிருந்து வரவழைக்கத்தான் ஐந்து மாதமாகப் பாடுபட்டேன். ஆனால் சனிக்கிழமை உரை.

"மெஷின் பழுதும்மா. நம்பரப் பாத்ததும் பயப்படறது உன் நோய், நீயில்ல," என்றேன். நம்பினாள். நானும் அந்த வழியாக வந்தவன் என்று படித்திருந்தாளே.

நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. முந்தைய நாள்தான் சரிபார்த்து முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். அன்று மருத்துவரிடம் முப்பத்தொன்பது என்று சொன்னேன்.

வியாழக்கிழமை, புத்தக அடுக்குகளுக்கு நடுவே அவள் இதயம் நின்றுபோனது. உரையை நான் தள்ளிப்போடவில்லை. முடிவை மட்டும் விட்டுவிட்டு அவள் கதையைச் சொன்னேன். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அதை அவள் கண்ணால் பார்த்திருந்தால் எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.