சீட்டு கேக்காத கடை

– மூட்டு கழண்டு விழுற மாதிரி இருக்குது, டென்சிலு. மொதல்ல அந்த ஸ்டூல இப்படித் தள்ளு.

– உக்காரு, தனக்கோடியக்கா. நீ ரோட்டத் தாண்டும்போதே எடுத்து வச்சிட்டேன். பிபிக்கு வெள்ளை, மூட்டுக்கு மஞ்ச. மாத்திரைப் பட்டைய வெட்டி, பேப்பர்ல மடிச்சு, வழக்கமான பொட்டலம்.

– மஞ்ச பேடா, வேணாம்.

– ஏன்க்கா? அப்பார்ட்மென்ட்ல மாடிப்படி துடைக்கிற வேலைய விட்டுட்டியா?

– அது என்னை விட்டுடுச்சு. பாதத்தப் பாரு.

– மாதாவே! என்னக்கா இப்படி வீங்கிக் கெடக்கு?

– வெரல வச்சு அமுக்கு. விழுந்த குழி எழும்பாது. பெரியாஸ்பத்திரில காட்டினேன். கிட்னி பாதிக்கு மேல போச்சாம். தின்ன மாத்திரையெல்லாம் கொண்டான்னாங்க. உன் பொட்டலத்தப் பிரிச்சு வச்சேன். வெட்டின பட்டையில பேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. மஞ்ச எதுக்குன்னு கேட்டாங்க, மூட்டு வலிக்குன்னேன். "பிபிக்காரிக்கு வருசக்கணக்கா இத எவன் குடுத்தான்?"னு டாக்டரம்மா கத்துச்சு.

– கடை பேரச் சொன்னியா?

– கிட்னி போச்சுங்கறேன், நீ கடை பேரக் கேக்குற.

– அதுக்கில்லக்கா. லைசென்சு போயிடும். வீட்ல நான் ஒருத்தன்தான் சம்பாதிக்கறேன்.

– சொல்லல. சொல்லிட்டு அப்புறம் மாத்திரைக்கு யார் முன்னாடி போயி நிக்கறது? நீ சொல்லு. பிபி இருக்கறவளுக்கு அது ஆகாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?

– தெரியும்க்கா. ஆனா நீதானே கேட்ட? இதப் போட்டாத்தான் வேலைக்குப் போவ முடியும்னு அழுத. நான் குடுக்கலன்னா வேற கடைக்குப் போயிருப்ப.

– போயிருப்பேன். எதிர்ல கண்ணாடிக் கதவு போட்ட அந்த மருந்துக் கடைக்குத்தான் மொதல்ல போனேன். அங்க நிக்கற பொண்ணு, சிந்தியா, டாக்டர் சீட்டு கேட்டா. "டாக்டரப் பாருங்கம்மா, இது தரமாட்டேன்"னா. கட்டட வேலையில ஜல்லி சுமந்தவ வாயி சும்மா இருக்குமா? அவ கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குத் திட்டிட்டு உங்கிட்ட வந்தேன். நீ அக்கான்ன. ஸ்டூலு போட்ட. சீட்டு கேக்கல. டாக்டர்கிட்ட போனா ஒரு நாள் கூலி போவுமே, அது மிச்சம்னு நெனச்சேன். நல்லவன்னு ஜோகுபாளையம் பூரா சொன்னேன்.

– ஆமாக்கா. பச்சைமுத்தண்ணன் கூட நீ சொல்லித்தான் வந்தாரு.

– அவருக்கும் பிபிதானே? அவருக்கும் மஞ்சயா?

– சொல்ப மெதுவா பேசுக்கா. ஆளுங்க வர்றாங்க.

– சரி விடு. பேசினா வலி போவுதா? கால மடக்க முடியல, நீட்ட முடியல. ரெண்டு மஞ்ச குடு.

– டாக்டரம்மா கத்துனாங்கன்னியே?

– வலிக்குதுப்பா.

– ரெண்டுதானே, ஒண்ணும் ஆவாது. காசு வேணாம். யாருகிட்டயும் சொல்லிடாத. இந்தா, புடி.

– நீட்டிட்ட பாரு. நான் திட்டித் தொரத்தின பொண்ணு மொத நாளே சொன்னத, என் கால அமுக்கிப் பார்த்தப்புறமும் உன் வாயி சொல்ல மாட்டேங்குது. "இல்லக்கா, தரமாட்டேன்." அது நீ எனக்குத் தரவேண்டிய கடன், டென்சிலு. இன்னும் தரல.