ஒலிக்காத சிவப்புப் பெட்டி

அந்த வேலையில் முதல் நாளே எனக்குப் பிடித்துப்போனது, அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை என்பதுதான். பேசக் கூடாது என்றே சொன்னார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து தெரியாமல் இல்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வராது. "வாயில பூட்டா போட்டிருக்கு?" என்று டீச்சர் கேட்பார், வகுப்பே சிரிக்கும். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்படியே ஆறு வருடம் வீட்டில் இருந்தேன். அமைதியான பெண் வேண்டும் என்று ஒரு அலுவலகத்தில் கேட்கிறார்கள் என்று சித்தி வந்து சொன்னபோது அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவளுக்குன்னே ஒரு வேலைய உண்டாக்கியிருக்காங்க" என்றார்.

மெதுவாக, முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

அது ஒரு மாடி. மூன்று மேசைகள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க, சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். கைபேசிச் செயலிகளைப் பார்வையில்லாதவர்கள் யார் துணையும் இல்லாமல் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்து மதிப்பெண் போடுவது எங்கள் வேலை. ஒரு மேசைக்கு இரண்டு பேர். ஒருவர் கேட்பவர், அவருக்குப் பார்வை கிடையாது. கைபேசியின் திரை அணைந்திருக்கும். விரலை நகர்த்த நகர்த்த, அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு குரல் அவர் காதில் சொல்லும். இன்னொருவர் பார்ப்பவர். அதே திரை அவர் முன்னால் ஒரு பெட்டியில் தெரியும், அதே குரல் அவர் காதிலும் கேட்கும். பார்ப்பவரின் தாளில் ஒரே ஒரு பத்திதான்: 'தோன்றியது, ஒலிக்கவில்லை.'

இரண்டு விதிகள் இருந்தன. கேட்பவரின் விரல் திரையில் இருக்கும்வரை பார்ப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. இருமக் கூடாது, நாற்காலியை நகர்த்தக் கூடாது. வீட்டில் தனியாக இருப்பவருக்கு யாரும் எடுத்துச் சொல்லப்போவதில்லை அல்லவா. இரண்டாவது விதி, பார்ப்பவர் எழுதிய குறையைச் செயலி திருத்தப்படும்வரை கேட்பவரிடம் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அடுத்த சோதனையில் பள்ளம் எங்கே என்று தெரிந்து சுற்றிப் போய்விடுவார்கள். இரண்டு விதிகளும் சரியானவை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் மேசையில் கேட்பவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஐம்பது வயது இருக்கும். முன்பு தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர். அந்தக் குரலை மூன்று மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார். எனக்கு அது தகரத்தில் அரிசி கொட்டுகிற மாதிரி இருக்கும். அவர் அதிலேயே தப்பு கண்டுபிடித்துச் சிரிப்பார்.

கோபம் என்ற ஒன்று எனக்கு இருக்கிறது என்பதே அந்த மேசையில்தான் தெரிந்தது. பயணச்சீட்டு எடுக்கிற ஒரு செயலி. அக்கா விரலை வைத்தார். "பொத்தான்" என்றது குரல். அடுத்தது, "பொத்தான்." அதற்கடுத்ததும் பொத்தான். வரிசையாகப் பதினொரு பொத்தான்கள், ஒன்றுக்கும் பெயர் இல்லை. பணம் கட்டும் பொத்தானைத் தேடி நாற்பது நிமிடம் அலைந்து, கடைசியில் சீட்டையே ரத்து செய்துவிட்டார். பெயர் வைக்க ஒரு பொத்தானுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாதாம். செய்தவர்களுக்கு அந்தப் பதினொரு நிமிடம் கிடைக்கவில்லை. நாங்கள் எழுதி அனுப்பினோம். 'தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று பதில் வந்தது. ஏழு மாதத்தில் அதே வரியை எழுபது கம்பெனிகளிடமிருந்து படித்திருப்பேன். ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. அதையும் ஏதோ இயந்திரம்தான் அனுப்புகிறது.

அக்காவுக்குக் கோபம் வராது. அதுவும் எனக்குக் கோபம்தான்.

"விடு பாப்பா. இவனுங்க பொத்தானுக்கே பேர் வைக்கல, பெத்த புள்ளைக்கு வச்சிருப்பானுங்களோ என்னவோ" என்பார். சிரித்துவிட்டு அடுத்த செயலியைத் திறப்பார்.

பிறகு அந்த மருந்துச் செயலி வந்தது. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கானது. எப்போது போட வேண்டும் என்று நினைவுபடுத்தும், போட்டதைக் குறித்துவைக்கும். ஒரே வேளைக்கு மறந்துபோய் இரண்டாம் முறை குறிக்கப் போனால் திரையின் நடுவில் சிவப்புப் பெட்டி ஒன்று வரும்: 'இந்த வேளை ஊசி ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. மீண்டும் போட வேண்டாம்.' நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்தப் பெட்டி ஒலிக்கவில்லை. குரல் அதைத் தாண்டிக் குதித்து, "மதிய ஊசி, பன்னிரண்டு அலகு, தொடர்க" என்றது. அக்கா தொடர்ந்தார். பத்துக்கு ஒன்பது போட்டார். எல்லாப் பொத்தானுக்கும் பெயர் இருக்கிறது, குரல் தெளிவு, குறை ஒன்றுமில்லை என்றார். அவர் சொன்னது உண்மை. காதுக்கு வராத ஒன்றைக் குறை என்று எப்படிச் சொல்வார்?

நான் என் பத்தியில் சிவப்புப் பெட்டி என்று எழுதி, இரண்டு கோடு போட்டேன்.

எங்கள் மேற்பார்வையாளருக்குச் 'சராசரி சார்' என்று பெயர். எதைக் கொடுத்தாலும் கூட்டி வகுத்துவிடுவார். கேட்பவரின் மதிப்பெண்ணுக்கு ஒன்பது பங்கு, பார்ப்பவரின் பத்திக்கு ஒரு பங்கு. வகுத்ததில் எட்டு புள்ளி இரண்டு வந்தது. 'நன்று' என்று முத்திரை குத்தினார். நான் எழுந்து நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. "என்னம்மா?" என்றார். தாளைக் காட்டினேன்.

"ஏன் சார், பாப்பா என்ன சொல்லுது?" என்று அக்கா கேட்டார்.

"மார்க் அதிகம்ங்குது."

அக்கா பலமாகச் சிரித்தார். "நான் பார்க்கத் தெரியாதவ. அவ படிப்ப முடிக்கத் தெரியாதவ. ரெண்டு பேர்ல யார நம்புவீங்க, நீங்களே சொல்லுங்க."

மூன்று மேசையும் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் அதைச் சொன்னது புதன்கிழமை, பதினொன்று பத்துக்கு.

அடுத்த வாரம் அக்கா சந்தோஷமாக வந்தார். "பாப்பா, அந்த ஊசி ஆப்பை என் போன்லயே போட்டுக்கிட்டேன். எனக்கும் மூணு வேளை ஊசிதானே. நல்லாத்தான் பேசுது."

அன்றைக்கு மதியம் சராசரி சாரின் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அவர் படித்தார்.

"ரெண்டு வாரத்துல புது பதிப்பு வருது. அவங்கதான் மறுபடி கேக்கணும். இப்ப போய்ச் சொன்னா சோதனை கெட்டுடும்மா. அதுக்குள்ள என்ன ஆயிடப்போகுது?"

புதிய பதிப்பு வந்தது. பெட்டி ஒலிக்கவில்லை. அதற்கடுத்ததும் வந்தது. பெட்டியின் மூலைகளை வளைவாக்கி, சிவப்பைக் கொஞ்சம் அழகான சிவப்பாக மாற்றியிருந்தார்கள். அப்போதும் ஒலிக்கவில்லை. நான்கு முறை ஒரே வரியை எழுதினேன். நான்காம் முறை கம்பெனியின் முகவரிக்கு நானே நேரடியாக எழுதினேன். 'ஒருவர் செத்துப்போவார்' என்று எழுதினேன். என் கருத்து மிக முக்கியம் என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைப் படித்த பிறகு எனக்குள் கோபம் ஓடியாடவில்லை. ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நிதானமாக யோசிக்க முடிந்தது. அவர்களுக்குக் குறை தெரிகிறது, அந்தக் குறையின் விலை தெரியவில்லை. யாராவது அதைக் காட்ட வேண்டும். கம்பெனிக்காரர்கள் பயப்பட ஓர் ஆள் போதும். அந்த ஓர் ஆளால் எத்தனை ஆயிரம் பேர் பிழைப்பார்கள் என்று கூட்டிப் பாருங்கள். சராசரி சார்கூட ஒப்புக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அக்கா வீட்டுக்குப் போவது வழக்கம். அவருக்கு வந்த கடிதங்களைப் படித்துக் காட்டுவேன். ஆமாம், வாய்விட்டுத்தான். அவர் ஒருவர் முன்னால் மட்டும் எனக்குக் குரல் வரும். அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் இருக்கலாம். "உன் குரல் எவ்ளோ நல்லா இருக்கு தெரியுமாடி, இதை வச்சுக்கிட்டா ஊமை வேஷம் போடற?" என்று ஒரு முறை சொன்னார்.

அந்த ஞாயிறும் போனேன். பன்னிரண்டரைக்கு அக்கா ஊசிப் பேனாவை எடுத்து, சொடுக்குகளை எண்ணித் திருகி, வயிற்றில் போட்டுக்கொண்டார். செயலியில் குறித்தார். சாப்பிட்டோம். பிறகு அவர் தம்பி தொலைபேசியில் வந்தார். வீட்டை விற்பதா வேண்டாமா என்று இருபது நிமிடம் சண்டை. "இந்த வீட்டுல எனக்கு ஒவ்வொரு சுவரும் தெரியும்டா, உன் புது வீட்டுல நான் எதுல போய் முட்டிக்கறது?" என்று கத்திவிட்டு வைத்தார்.

நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"ஊசி போட்டீங்களா அக்கா?"

"போட்டேனா?" நெற்றியைத் தேய்த்தார். "இவன் கத்துன கத்துல எல்லாம் போச்சு. காலைல போட்டது ஞாபகம் இருக்கு. இரு, நம்ம கணக்குப்பிள்ளை இருக்கே, அதைக் கேப்போம்."

கைபேசியை எடுத்தார். வீட்டில் அவர் திரையை அணைத்து வைப்பதில்லை, வருகிறவர்கள் பார்த்துச் சொல்ல வசதியாக இருக்கும் என்று. விரலை வைத்தார். சிவப்புப் பெட்டி வந்தது, நடுவில், பெரியதாக. "மதிய ஊசி, பன்னிரண்டு அலகு, தொடர்க" என்றது குரல்.

"பார்த்தியா, போடலியாம். சாப்ட்டப்புறம் போடறோம், ஒரு நாள்தானே, பரவால்ல."

சொடுக்குகளை எண்ணினார். நானும் மனதுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு.

அக்காவின் தம்பி இதை விபத்து என்கிறார். செய்தித்தாளிலும் விபத்து என்றே வந்தது. நான்காவது நாள் கம்பெனி செயலியைத் திருத்திவிட்டது. நான்கு மாதமாக முடியாதது நான்கு நாளில் முடிந்தது. இப்போது அந்தப் பெட்டி பேசுகிறது, அதோடு கைபேசி அதிரவும் செய்கிறது. 'ஒரு துயரமான விபத்தைத் தொடர்ந்து' என்று அறிக்கை விட்டிருக்கிறார்கள். சராசரி சார் அதைச் சட்டம் போட்டு முட்டை அட்டை மேல் மாட்டியிருக்கிறார், எங்கள் அலுவலகத்தின் சாதனையாம். நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தது அதற்காகத்தான். யாரும் என்னைத் தேடவில்லை, நானாக வந்தேன். அது விபத்து இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, பொறுமையாகச் செய்த வேலை. அந்தத் திருத்தம் என்னுடையது. அதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

அக்கா உயிரோடுதான் இருக்கிறார். சர்க்கரை ரொம்ப நேரம் இறங்கிக் கிடந்ததால் மூளையில் ஏதோ ஆகிவிட்டதாம். இப்போது சாதாரண வேகத்தில் பேசினாலே அவருக்குப் பிடிபடவில்லை, ஒரு வாக்கியத்தை மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்கிறார்கள். பாப்பா அப்போதே கிளம்பிப் போய்விட்டாள், அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று மட்டும் உங்களிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது பொய் இல்லை.

ஊசி போட்டது இரண்டு மணிக்கு, நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்கு பத்துக்கு. இடையில் எங்கே இருந்தாய் என்று கேட்டீர்கள். அங்கேதான் இருந்தேன்.

"போயிட்டு வரேன் அக்கா" என்றேன். "பார்த்துப் போடி" என்றார். கதவைத் திறந்தேன். வெளியே செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் நான்கு அடி இறங்கினேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, உள்ளே நின்று கதவைச் சாத்தினேன். அந்த வீட்டுக் கதவு காற்றில் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சாத்திக்கொள்ளும். அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அவர் தனியாக இருந்தால்தான் அது நியாயமான சோதனை. நடந்த முழுவதையும் என் கைபேசியில் பிடித்திருக்கிறேன். வேண்டுமானால் பாருங்கள், கை ஆடவில்லை.

அக்கா படுத்தார். மூன்று மணிக்கு மேல் வேர்க்க ஆரம்பித்தது. ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து உட்கார்ந்தார். சர்க்கரை டப்பா சமையலறையில் இரண்டாவது தட்டில் இருந்தது, எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், கால்தான் நிற்கவில்லை. கைபேசியைத் தேடிப் படுக்கையைத் தடவினார். அதை நான் முன்பே எடுத்து மேசை மேல் வைத்திருந்தேன்.

பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினார். எப்படித் தெரிந்ததோ.

"பாப்பா? நீ இன்னும் போகலயா?"

கையை நீட்டினார். நான் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டேன்.