நாற்பத்தொரு தண்ணீர் பாட்டில்கள்

விழாவுக்குத் தலைமை ஏற்று, எனக்கு முன்னால் பேசிய ஏழு பேரையும் இமை கொட்டாமல் கேட்டு அமர்ந்திருக்கும் இன்முகத்துக்குரியவரே, பட்டு வணிகர் லோகநாதன் ஐயா அவர்களே! முன்னிலை வகிக்கும் முத்தமிழ் ஆசான், தமிழ் மன்றத்தின் தலைவர் பரசுராமன் ஐயா அவர்களே! வெம்பாக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் பெரியோர்களே! முள்ளிப்பட்டிலிருந்து தறியை நிறுத்திவிட்டு வந்து தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் என் தோழியரே! உங்கள் அனைவருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி உண்ணாமலையின் வணக்கம்.

“ஒரு மாணவியின் பார்வையில் நம் ஆரணி.” இதுதான் மன்றம் எனக்குத் தந்த தலைப்பு. பட்டின் பளபளப்பு, பாவு நூலின் பக்குவம், கோட்டையின் கம்பீரம், கோயிலின் கொண்டாட்டம் என்று ஆறு பக்கம் எழுதினேன். தமிழாசிரியை படித்துவிட்டு “மிக நன்று” என்று சிவப்பு மையால் எழுதித் தந்தார். அந்த ஆறு பக்கமும் என் பையில்தான் இருக்கிறது. அதை எடுக்கக் கை வரவில்லை. ஏனென்றால், என் பார்வையில் பட்டதை நான் இன்னும் நம்ப முடியாமல் நிற்கிறேன். திகைத்து நிற்கிறேன். திடுக்கிட்டு நிற்கிறேன்!

என்ன பார்த்தேன்? சொல்கிறேன்.

என் பக்கத்து இருக்கைக்காரி ஜாக்குலின். கணக்கில் எங்கள் வகுப்பிலேயே முதலிடம். ஆடி முடிந்து ஒரு திங்கட்கிழமை. காலை வழிபாட்டில் உறுதிமொழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நின்றவள் சரிந்தாள். வெயிலில் மயங்கினாள் என்றார்கள். காலையில் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்றார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது! ஆசிரியையும் நானும் ஆட்டோவில் தூக்கிப்போட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். அவள் அம்மா ரோசம்மாள், கட்டிய புடவையில் தறிநூல் ஒட்டியிருக்க, மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

சோதித்த டாக்டரம்மா கேட்டார்: “ஸ்கூல்ல ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கிற?”

ஜாக்குலின் துப்பட்டா நுனியைத் திருகினாள்.

“எத்தனை தடவை பாத்ரூம் போவ?”

அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “போவமாட்டேன் மேடம். காலையில வூட்ல போவேன். அப்புறம் சாயங்காலம் வூட்டுக்குப் போய்தான். அதனால தண்ணியும் குடிக்கமாட்டேன்.”

சிறுநீரகத்தில் தொற்று. உடனே சேர்க்க வேண்டும் என்றார்கள். ரோசம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “ஏண்டி, என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாடி?” என்று அழுதார். “எல்லாரும் அப்படித்தாம்மா இருந்துகினு இருக்கோம்” என்றாள் மகள்.

எல்லாரும்! அந்தச் சொல் என்னைச் சுட்டது. எல்லாருமா? மறுநாள் மாலை, கடைசி மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு, ஆசிரியையின் அனுமதி பெற்று எழுந்து நின்றேன். “எல்லாரும் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வையுங்கள்” என்றேன். வைத்தார்கள். என்னுடையதையும் சேர்த்து நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு பாட்டில்கள் காலையில் வீட்டில் நிரப்பியது நிரப்பியபடி! மூன்றில் மட்டும் ஒரு மடக்கு குறைந்திருந்தது. என் பெயர் உண்ணாமலை என்று கேலி செய்வார்களே, அன்றைக்கு எங்கள் வகுப்பில் நாற்பத்தொரு பேரும் குடியாமலை! சிரிக்கிறீர்கள். அன்று எங்கள் வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஆசிரியை தன் கைப்பையைத் திறந்து தன் பாட்டிலையும் எடுத்து வைத்தார். அதுவும் நிறைந்தே இருந்தது.

முன் வரிசையில் ஒரு பெரியவர் கேட்கிறார், “ஸ்கூல்ல பாத்ரூமே இல்லியாம்மா?” என்று. இருக்கிறது ஐயா! பழையது ஒன்று, முந்நூறு மாணவிகளுக்கு ஒன்று, தாழ்ப்பாள் இல்லாததால் உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். புதியதும் இருக்கிறது! பளிங்குபோல் பளபளக்கும் டைல்ஸ், முகம் பார்க்கும் கண்ணாடி, வாசலில் பெயர் பொறித்த கல்வெட்டு. கூடவே ஒரு பூட்டு.

தலைமையாசிரியையிடம் போனோம். அவரைக் குறை சொல்ல நான் மேடையேறவில்லை. அவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன். “துடைக்க ஆள் போடலம்மா. உங்ககிட்ட விட்டா ரெண்டு நாள்ல நாசமாயிடும். அதிகாரிங்க வந்தா காட்டணுமில்ல?”

காட்டுவதற்கு! கட்டியது காட்டுவதற்கா? கழிப்பறை என்ன கண்காட்சியா?

நாங்கள் கோஷம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. தண்ணீர் குடித்தோம். அவ்வளவுதான். புதன்கிழமை காலை, நாற்பத்தொரு பேரும் பாட்டிலைக் காலி செய்தோம். மூன்றாம் பாடவேளையில் ஒவ்வொருத்தியாக எழுந்து, “மிஸ், போய்ட்டு வரட்டுமா?” என்று கேட்டோம். அந்த ஒற்றைக் கதவின் முன் வரிசை நின்றது. வரிசையைப் பார்த்துப் பதினொன்றாம் வகுப்பு வந்தது. பத்தாம் வகுப்பு வந்தது. கொடிக்கம்பம் வரை வரிசை நீண்டது. மதிய மணி அடித்தும் முடியவில்லை. கண்டிக்க வந்த தலைமையாசிரியை வரிசையின் முனையிலிருந்து முனைவரை நடந்து பார்த்தார். திரும்பிப் போய்த் தொலைபேசியை எடுத்தார்.

அரை மணி நேரத்தில் அந்தப் புதிய கட்டடத்துக்குப் பணம் தந்தவரே வந்தார். யார் அவர்? இதோ, இந்த மேடையில் தலைமை ஏற்றிருக்கும் லோகநாதன் ஐயா! “பொம்பளைப் புள்ளைங்க நின்னுகினு இருக்குது, இன்னும் இன்னா யோசனை? ஜல்தி தொறங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் சாவி வந்தது, பூட்டு விழுந்தது, கதவு திறந்தது. நாங்கள் கை தட்டினோம்.

ஐயா உள்ளே போய்க் குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை. அடுத்த குழாயைத் திருகினார். வரவில்லை. ஆறு குழாய்களையும் திருகினார். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தார். நானும் பின்னால் போனேன். மேலே தொட்டி உண்டு. தொட்டிக்குக் குழாய் இல்லை! சுவருக்குள் இணைப்பு இல்லை! கட்டியவர்கள் குழாய்த் தலைகளைச் சுவரில் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றரை ஆண்டாக அது கழிப்பறை அல்ல, கழிப்பறையின் பொம்மை!

ஐயா படியில் அப்படியே உட்கார்ந்தார். “இன்னாம்மா இது? ரிப்பன் வெட்டினேன், போட்டோவுக்கு நின்னேன். ஒரு குழாயைத் திருகிப் பாக்கணும்னு எனக்குத் தோணலியே!” என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். தலை குனியாதீர்கள் ஐயா. அன்றே ஆள் அனுப்பினீர்கள். ஒன்பதே நாளில் தண்ணீர் வந்தது. துடைக்க ஓர் அம்மாவையும் நியமித்தீர்கள். ஜாக்குலின் பதினெட்டு நாள் கழித்து, இளைத்துப் போய் வகுப்புக்கு வந்தாள். காலாண்டுத் தேர்வில் இரண்டு பாடம் போயிற்று, உயிர் இருக்கிறது. முதல் மணியில் அவள் பாட்டிலைத் திறந்து குடித்தபோது, வகுப்பே பாடத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

இத்தோடு முடித்தால் கை தட்டுவீர்கள். முடிக்க முடியவில்லையே!

பாட்டில்களை எண்ணிய அன்று மாலை, பதைபதைப்போடு என் அம்மாவிடம் சொன்னேன். என் அம்மா ஜெயம், பட்டுக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலை செய்கிறார். அவர் அதிரவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்: “இதுல இன்னாடி அதிசயம்? கடையில நாங்க பதினோரு பேரும் அப்படித்தான் இருந்துகினு வரோம். காலையில ஒரு டீ, அதோட சரி. மாடியில இருக்கிறது கஸ்டமருக்கு. நாங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும். போய் வர இருபது நிமிஷம் ஆகும். சூப்பர்வைசர் பேஜார் பண்ணுவாரு.”

பள்ளியைப் பார்த்துத் திடுக்கிட்ட நான், என் வீட்டைப் பார்த்து உறைந்தேன். அம்மா அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து பதினாறு ஆண்டுகள்! மணப்பெண்ணுக்கு மெத்தை விரித்து, மாப்பிள்ளை வீட்டாருக்குக் குளிர்பானம் கொடுத்து உபசரிக்கும் நம் ஊரின் பண்பாட்டில், அந்தப் பட்டை விரித்துக் காட்டும் பெண்ணின் தொண்டை பதினாறு ஆண்டாகக் காய்கிறது. நாங்கள் பிள்ளைகள் எங்கிருந்து கற்றோம் இந்தப் பொறுமையை? எங்கள் அம்மாக்களிடமிருந்து அல்லவா?

அது எந்தக் கடை என்று அங்கே முணுமுணுக்கிறீர்கள். காலையில் அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார், “கடை விஷயம் மட்டும் பேசாதடி, வேலை போயிடும்” என்று. சரி என்றுதான் வந்தேன். ஆனால் குழாயைத் திருகிப் பார்க்காமல் ரிப்பன் வெட்டுவதற்கும், இதைச் சொல்லாமல் பேசுவதற்கும் என்ன வேறுபாடு? லோகநாதன் ஐயா, அது உங்கள் கடை.

மன்னியுங்கள் ஐயா. உங்களை அவமதிக்கச் சொல்லவில்லை. எங்களுக்காகக் கண் கலங்கிய ஒருவரால்தான் இதைக் கேட்க முடியும் என்று நம்பிச் சொல்கிறேன்.

என்ன அங்கே பின்னால் சத்தம்? யார் எழுந்திருப்பது? அம்மா... அம்மா, நீயா? உட்காரும்மா, நான் முடித்துவிடுகிறேன். என்ன சொல்கிறாய்? கொஞ்சம் அமைதியாக இருங்கள், கேட்கவில்லை.

“பொண்ணு சொல்றது நெசந்தாங்க மொதலாளி.”

கேட்டீர்களா? பேச்சு வராது, கூட்டம் என்றால் பயம் என்பாரே, அவர் சொல்கிறார்! அதோ, பக்கத்தில் இன்னொருவர் எழுகிறார். அந்தத் தூணோரம் இருவர். அம்மாவோடு கடையில் வேலை செய்யும் ஸ்வர்ணலதா அக்கா, நீங்களுமா?

ஐயா, நீங்களும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டீர்கள். ஒலிவாங்கியை நீட்டட்டுமா? வேண்டாம். உங்கள் பதில் எனக்கு வேண்டாம் ஐயா, இந்த அவைக்கும் வேண்டாம். அதோ நிற்கிறார்களே, இறங்கிப் போய் அவர்களிடம் சொல்லுங்கள். வழி விடுங்கள், ஐயா இறங்குகிறார். வழி விடுங்கள்!

வாய்ப்பளித்த மன்றத்தாருக்கும், பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், என்னைப் பெற்றவளுக்கும் நன்றி. வணக்கம்.