பூட்டான் மாணவர்கள் ஆறு பேர்

— வாங்க குணா, உக்காருங்க. காலைல இருந்து போன் சுவிட்ச் ஆஃப். வேற நாளா இருந்தா திட்டியிருப்பேன்.

— அத்த சொல்லத்தான் வந்தேன் நர்மதா மேடம். மன்னிச்சுக்கோங்க. காலைல இன்னாச்சுன்னா...

— மன்னிப்பெல்லாம் எதுக்கு? கவர்மெண்ட் கமிட்டி ஹாஸ்டலைப் பாத்துட்டு சந்தோஷமா போயிடுச்சு. கிராண்ட் உண்டுன்னு சேர்மன் வாயாலயே சொல்லிட்டார். வெளிநாட்டுப் பசங்க கட்டுற ஃபீஸ்லதானே இந்த யுனிவர்சிட்டியே ஓடிச்சு? அவங்களும் ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. ஹாஸ்டல்ல ஒரு வெளிநாட்டு முகம் இல்லன்னா கவர்மெண்ட் காசும் கிடையாது, என் வேலையும் கிடையாது. உங்களுக்குத் தெரியாததா?

— தெரியும் மேடம். ஹாஸ்டல் சூப்பர்வைசர்னு எனக்கும் சோறு போடுறது அதானே. அதுக்கோசரம்தான் சிப்காட் ஸ்டீல் கம்பெனில அந்த மணிப்பூர் பசங்க கைல பேசினேன். நைட் ஷிப்ட் முட்ச்சுக்கினு நேரா வேன்ல ஏறுங்கடா, கேட்டா பூட்டான் ஸ்டூடண்ட்டுனு சொல்லுங்கடான்னு.

— பிரமாதமா நடிச்சாங்க.

— யாரு மேடம்?

— உங்க பசங்கதான். ஆறு பேரும். நாங்க மாடி ஏறும்போதே கட்டில்ல வரிசையா உக்காந்திருந்தாங்க.

— அவங்கள யாரு இட்டுனு வந்தது?

— என்ன குணா, நீங்கதானே. ஆனா கூச்சம் ஜாஸ்தி. டீ குடுத்தேன், தொடல. ஊர் பிடிச்சிருக்கான்னு சேர்மன் கேட்டதுக்கு ஒருத்தன் மட்டும், இங்க சில்லுன்னு இருக்கு சார்ன்னான். இந்த வெயில்ல, ஃபேன் கூட ஓடாத ரூம்ல. சேர்மனுக்கு ஒரே சிரிப்பு.

— இன்னா சட்டை போட்டுக்கினு இருந்தாங்க?

— வெள்ளைச் சட்டை. நீங்க வாங்கினதுதான்.

— அந்தச் சட்டைங்க என் பைல கீது மேடம். பாருங்க, கவரு கூட பிரிக்கல.

— விளையாடாதீங்க.

— விடிகாலைல அந்தக் கம்பெனில ஃபர்னஸ் வெடிச்சிருச்சு. உருக்கின இரும்பு அப்டியே பசங்க மேல கொட்டிருச்சு. கான்ட்ராக்டர் ஓடிட்டான். பசங்க பேரு தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான்னு போலீஸு என்னைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போச்சு. ஆறு பேரு பொணத்தையும் நான்தான் மேடம் அடையாளம் காட்டினேன். மூஞ்சின்னு ஒண்ணும் இல்ல. உயரத்த வெச்சுத்தான் ஒவ்வொருத்தனா சொன்னேன்.

— இன்னும் மேலதான் இருக்காங்க குணா. யாருமே இறங்கி வரல.

— நான் கெளம்புறேன். நீங்களும் வந்துருங்க மேடம், வேன் வெளியதான் நிக்குது.

— இருங்க. கமிட்டி வருஷா வருஷம் வருமாம். கோர்ஸ் முடியுற வரைக்கும் இதே ஆறு பேரைத்தான் பாக்கணும்னு கண்டிஷன் போட்டிருக்காங்க.

— மேடம், உங்க காலைப் புடிக்கிறேன். வாங்க போயிரலாம்.

— மேல போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க குணா. நாலு வருஷமும் இங்கயே இருப்பாங்களான்னு.